மழை வடிந்த பிறகு வரும் நிறம்: நீடாமங்கலம் பக்கம் ஒரு வாசல் தோட்டத்தின் இரண்டு பருவங்கள்

2022 நவம்பர் நடுவில் ஒரு காலை. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் ஒரு கிராமத்து வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து, வாடிக்கிடந்த கேந்தி (சேலம் பக்கம் செண்டுமல்லி என்பார்கள்) நாற்று ஒன்றைப் பிடித்து இழுத்தேன். சும்மா தொட்டதும் கையோடு வந்தது. வேரின் மேல்தோல் சேற்றிலேயே தங்கிவிட்டது; கையில் இருந்தது தையல் நூல் மாதிரி மெலிந்த ஒரு நரம்பு மட்டும். மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தேன். கோடையில் குளம் வற்றும்போது அடிச்சேற்றில் வரும் அதே வாடை.

மேலே இலை பச்சையாகத்தான் இருந்தது. அதனால்தான் அந்த வீட்டு டீச்சர், "தண்ணி பத்தலையோ தம்பி, துவண்டு போயிருக்கே" என்று முதல் நாள் சாயங்காலம் இன்னும் இரண்டு குடம் ஊற்றியிருந்தார். வேர் மூச்சுவிட முடியாமல் செத்த செடியும் தாகத்தில் வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அன்று அந்த வாசலில் 160 நாற்று இருந்தது. மாதக் கடைசியில் மிஞ்சியது 11.

இந்தக் குறிப்பு அந்த 11-லிருந்து தொடங்கி அடுத்த பருவம் முடியும் வரைக்கும் போகிறது. மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் வீட்டுத் தோட்டங்கள் போட்டுக் கொடுப்பது என் வேலை. பனிக்காலத்தில் வாசல் நிறைய பூ வேண்டும் என்று கேட்பவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறார்கள். நான் அன்று செய்த அதே தவறுகளைப் பலரும் இன்றைக்கும் செய்துகொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கேட்டது என்ன

டீச்சர் ஓய்வு பெற்றவர். மகன் வெளிநாட்டில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளோடு பொங்கலுக்கு வருவார்கள். அவர்கள் இருக்கும் ஊரில் குளிர்காலம் முடிந்ததும் வீட்டு வாசலில் பாத்தி பாத்தியாகப் பூ நிற்குமாம். அந்தப் படங்களைப் போனில் காட்டி, "பொங்கலுக்குப் புள்ளைங்க வர்றப்ப வாசல் வெறும் மண்ணா இருக்கக் கூடாது தம்பி. மார்கழியில கோலம் போடுறப்பவே ரெண்டு பக்கமும் நிறமா இருக்கணும். பங்குனி வரைக்கும் நின்னா இன்னும் நல்லது" என்றார்.

நியாயமான ஆசை. நம் கணக்கில் மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. அதற்குப் பிறகுதான் இளவேனில். அவர் கேட்டது நான்கு மாதப் பனிக்காலம் முழுவதற்குமான நிறம்.

இடம்

கிழக்கு பார்த்த ஓட்டு வீடு, திண்ணை வைத்தது. திண்ணைப் படியிலிருந்து தெருவாசல் வரைக்கும் நடைபாதை. அதன் வடக்கிலும் தெற்கிலும் ஆளுக்கொரு பாத்தி, 20 அடி நீளம், 4 அடி அகலம். தென்பக்கம் மறைப்பு எதுவும் இல்லை. பனிக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும்போது இரண்டு பாத்திக்கும் காலையிலிருந்து மாலைவரை வெயில் கிடைக்கும். வடக்கு ஓரத்தில் ஒரு வேம்பு. தெருவில், வடகிழக்கு மூலைக்கு நேரே ஒரு விளக்குக் கம்பம். இந்தக் கம்பத்தை முதல் வருஷம் நான் கவனிக்கவே இல்லை.

மண் பழைய டெல்டாவின் களிமண். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிந்து கோரையாறும் பாமணியாறும் கிளம்பும் பகுதி இது. தலைமுறை தலைமுறையாக ஆறு கொண்டுவந்து போட்ட நயமான வண்டல். நெல்லுக்கு அதைவிட நல்ல மண் கிடையாது, ஏனென்றால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூச்செடிக்கு அதே குணம்தான் வினை. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையில் சட்டி மாதிரி தண்ணீரைத் தேக்கும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கத்துச் செம்மண், மணல்சாரி நிலத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் பாதிகூட இருக்காது.

முதல் பருவம்: 2022–23

அந்த வருஷம் மேட்டூர் வழக்கமான ஜூன் 12-க்கு முன்பே, மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். வாய்க்கால் எல்லாம் நிறைந்து ஓடியது. தண்ணீருக்குக் குறை இல்லை என்ற நினைப்பிலேயே நான் வேலையைத் தொடங்கினேன்.

புரட்டாசிக் கடைசியில் தரையோடு தரையாகப் பாத்தி வெட்டினோம். மண் ஈரமாக இருந்தது. மண்வெட்டியில் ஒட்டி ஒட்டி வந்தது. ஈரக் களிமண்ணைக் கொத்தினால் அது பொலபொலப்பாவதில்லை. அழுந்தி, காய்ந்ததும் செங்கல்லாகிறது. இது தெரிந்தும், நாள் நெருங்குகிறதே என்று கொத்தினேன். இளகட்டும் என்று பாத்திக்குப் பத்துக் கூடை ஆற்று மணல் கலந்தேன். களிமண்ணில் மணலைக் கொஞ்சமாகக் கலந்தால் இன்னும்தான் இறுகும். மணலால் மண் மாற வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி போட வேண்டும். அதைவிட எருவும் உமியும் எவ்வளவோ மேல்.

அப்புறம் விதை. இணையத்தில் "குளிர்காலப் பூ" என்று விற்ற ஒரு தொகுப்பை மகன் வாங்கி அனுப்பியிருந்தார். பேன்சி, பெட்டூனியா, கூடவே ஒரு டஜன் துலிப் கிழங்கு. உறையில் "மழைக்காலம் முடியும்போது நடவும்" என்று அச்சிட்டிருந்தது. வட இந்தியாவில் மழை செப்டம்பரில் முடிகிறது. நமக்கோ அப்போதுதான் தொடங்கப் போகிறது. வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த ஒரு வரியை எங்கள் ஊருக்குப் பொருந்துமா என்று யோசிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டேன். அக்டோபர் 20-ஐ ஒட்டி, நாற்றங்காலில் வாங்கிய 160 கேந்தியையும் துலிப் கிழங்குகளையும் நட்டோம். பேன்சி விதையைத் தட்டில் தூவினோம்.

அக்டோபர் 29-ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. நவம்பர் 11-ஐ ஒட்டிய இரவில் சீர்காழியில் மட்டும் 44 செ.மீ. கொட்டியது நினைவிருக்கும். எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. ஆனாலும் பாத்தியில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்ற மண்ணில் காற்று இருக்காது. வேர் மூச்சுத் திணறிப் பலவீனமாகும். அந்த நேரம் பார்த்து அழுகல் பூஞ்சணம் உள்ளே போகும். நான் இழுத்துப் பார்த்த நாற்றின் கதை அதுதான்.

பேன்சி முளைக்க 15 முதல் 20 டிகிரி வேண்டும். நவம்பரில் எங்கள் இரவே 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். பத்துப் பதினைந்து முளைத்து, நெட்டையாக நீண்டு, மடங்கி விழுந்தன. துலிப் கிழங்கில் நான்கு மட்டும் இலை விட்டது. ஒன்றைத் தோண்டி வெட்டிப் பார்த்தேன். நடுவில் பழுப்பு நிறக் கூழ். அது அழுகாமல் இருந்திருந்தாலும் பூத்திருக்காது. 12 முதல் 16 வாரம் 10 டிகிரிக்குக் கீழே கிடந்தால்தான் துலிப்பின் தண்டு நீண்டு பூ வெளியே வரும். ஸ்ரீநகரில் அது பூக்கிறதென்றால் அங்கே மாதக்கணக்கில் உறைகிற குளிர் இருக்கிறது. தஞ்சை, திருவாரூர் பக்கத்துத் தைக் குளிரே 20 டிகிரியை ஒட்டித்தான். குளிர்பெட்டியில் வைத்து ஏமாற்றிப் பூக்க வைப்பவர்கள் உண்டு. வாசல் பாத்திக்கு அது சரிப்படாது என்பது என் முடிவு.

மிஞ்சிய 11 கேந்தி தையில் பூத்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிய மழை வந்து அறுவடைக்கு நின்ற சம்பாவையே சாய்த்தபோது அதுவும் போனது. பிள்ளைகள் வந்த பொங்கலுக்கு வாசலில் நிறம் என்று சொல்ல கோலப்பொடி மட்டும்தான் இருந்தது. டீச்சர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

பக்கத்து வீட்டுக் குப்பைமேடு

அந்த மார்கழி முழுக்க, டீச்சர் வீட்டுக் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூ பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. தினமும் விடியலில் அந்த வீட்டுப் பெரியம்மா நாலைந்து பறித்துக் கொடுப்பார். என் 160 நாற்று அழுகிய அதே மழை, அதே மண், பத்தடி தூரம். அங்கே கொடி தழைத்துக் கிடந்தது.

ஒருநாள் அவரிடமே கேட்டேன். "எப்ப போட்டீங்க பெரியம்மா?"

"ஆடியில போட்டது. வெதையத் தூக்கிக் குப்பையில எறிஞ்சேன், அவ்வளவுதான்."

"இவ்வளவு மழையிலும் அழுகலையே?"

"அதுல எங்க தம்பி தண்ணி நிக்கும்? மேட்டுலல்ல இருக்கு!"

போய்க் கையை விட்டுப் பார்த்தேன். மக்கிய சாணி, சாம்பல், உமி, தழை எல்லாம் கலந்த குவியல். முழங்கை வரைக்கும் சிரமமில்லாமல் இறங்கியது. ஈரம் இருந்தது, சொதசொதப்பு இல்லை. தரையிலிருந்து இரண்டடி உயரம். மழைக்கு முன்பே, ஆடியிலேயே வேர் பிடித்துவிட்ட கொடி. எனக்கு வேண்டிய பாடம் மொத்தமும் அந்தக் குப்பைமேட்டில் இருந்தது.

பிறகு யோசித்தால், நம் பக்கத்தில் தண்ணீர் தேங்கினால் ஆகாத பயிர் எதையுமே யாரும் தரையோடு நடுவதில்லை. வெற்றிலைக் கொடிக்கால் என்றால் மேட்டுப்பாத்தி, இரண்டு பாத்திக்கு நடுவே ஆழமான வாய்க்கால். வாழைக்கொல்லையில் வடிகால் எடுக்காமல் கன்று வைக்க மாட்டார்கள். பூச்செடியை மட்டும் நாம் அழகுக்கு என்று நினைத்து, படத்தில் பார்த்தபடி புல்தரை மட்டத்தில் நட்டுவிடுகிறோம்.

இந்த ஊரில் பூப்பாத்தியின் தேதியைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. குளிர் இங்கே பெரிதாக எதையும் தடுப்பதும் இல்லை, பெரிதாக எதையும் கொடுப்பதும் இல்லை. மழை வடிவதற்கு முன் மண்ணில் இறங்கும் செடி மேட்டில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் மழை வடியும்வரை கூரைக்குக் கீழே வளர வேண்டும். இரண்டாம் பருவம் முழுவதையும் இந்த ஒரே எண்ணத்தின் மேல் அமைத்தேன்.

மண் வேலை

2023 வைகாசி, ஆனியில், மண் காய்ந்து வெடித்துக் கிடந்தபோது கொத்தினோம். கட்டியைப் புரட்டிப் போட்டு வெயிலில் கிடக்க விட்டு, ஒரு கோடை மழை பட்டதும் லேசாகத் தட்டினால் உதிர்ந்தது. முந்தின வருஷம் இரண்டு ஆள் இரண்டு நாள் போராடிய வேலை, இப்போது ஒரு ஆள் ஒரு நாளில் முடித்தார்.

இடிந்த கொட்டகையின் பழைய செங்கல்லை அடுக்கி, பாத்தியை 15 அங்குலம் உயர்த்தினோம். 20 அடி, 4 அடி, 15 அங்குலம் என்றால் சரியாக 100 கன அடி, அதாவது பாத்திக்கு ஒரு யூனிட். அதில் பாதி அதே வாசல் மண், கால்பங்கு மக்கிய தொழுவுரம், கால்பங்கு கருக்கிய உமி. உமி எங்கள் பக்கம் ரைஸ் மில்லில் தாராளமாகக் கிடைக்கும். கருக்கிப் போட்டால் லேசில் மக்காது, களிமண்ணுக்குள் காற்று போக வழி வைத்துக்கொண்டே இருக்கும். பாத்திக்குப் பத்துக் கிலோ வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தோம். தெற்குப் பாத்திக்கு நவம்பர் வரை வேலை இல்லாததால் அதில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கத் தொடங்கிய 45-ஆம் நாள் மடக்கிக் கொத்திவிட்டேன். வயலுக்குச் செய்வதுதான், வாசலுக்கும் செய்தேன்.

பாத்தியின் மேல்பரப்பை ஆமை முதுகு மாதிரி நடுவில் உயர்த்தி இரண்டு பக்கமும் சரித்தோம். செங்கல்லுக்கு வெளியே சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வடிகால், அது தெருச் சாக்கடையில் போய்ச் சேரும். ஓட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் கோடு இரண்டு பாத்தியின் மேற்கு முனையிலும் விழுந்தது. அங்கே ஒன்றும் நடாமல் கூழாங்கல் பரப்பினேன். பரப்பிய அகலம் போதவில்லை என்பது ஜனவரியில் தெரிந்தது.

செலவில் பெரும்பகுதி இந்த மண் வேலைக்குத்தான் போனது. விதைக்கும் நாற்றுக்கும் ஆனது அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வாடிக்கையாளர்கள் பலர் இதைத் திருப்பிச் செய்ய ஆசைப்படுகிறார்கள். விலையுயர்ந்த செடி வாங்கி, மண்ணில் மிச்சம் பிடிப்பார்கள்.

கூரைக்குக் கீழே வளர்ந்த நாற்று

மழைக்கு முன் மண்ணில் இறங்கியது செவ்வந்தி மட்டும். அது பூக்க நாளாகும். ஆடியில் வைத்தால்தான் மார்கழிக்கு வரும். பழைய தூரிலிருந்து பிரித்த பக்கக் கன்றுகளை ஆகஸ்ட் முதல் வாரம் வடக்குப் பாத்தியில் நட்டு, நாலு வாரம் கழித்து நுனி கிள்ளினோம். கிள்ளினால்தான் கிளை பிரியும். வேலைக்கு வந்த அக்காவுக்குக் கிள்ள மனசே வரவில்லை. "நல்லா வர்ற கொழுந்த ஏன் தம்பி கிள்ளுறீங்க" என்று நாலு முறை கேட்டார். இரண்டு வாரத்தில் ஒவ்வொரு செடியும் ஐந்தாறு கிளையோடு நின்றதைப் பார்த்ததும், மறுமுறை கேந்திக்கு அவரே கிள்ளிவிட்டார்.

மற்றவற்றுக்கு வாசலின் ஒரு மூலையில் மூங்கில் நட்டு, 10 அடிக்கு 6 அடியில் மேலே மட்டும் கண்ணாடி மாதிரி தெரியும் பாலிதீன் தாள் போட்டோம். நாலு பக்கமும் திறப்பு. முதலில் இதைச் செய்யவில்லை. திண்ணைதான் இருக்கிறதே என்று விதைத்தட்டுகளை அங்கே வைத்தேன். ஒரே வாரத்தில் நாற்றெல்லாம் தெருப்பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு நூல் மாதிரி நின்றன. மழை படாமல் இருந்தால் போதாது, வெளிச்சமும் வேண்டும். அந்தத் தட்டைக் கொட்டிவிட்டு மறுபடி விதைத்தேன்.

குழித்தட்டில் மக்கிய தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும், ஒரு கை டிரைக்கோடெர்மா விரிடியும். நாற்றழுகலுக்கு இந்த நல்ல பூஞ்சணம் முன்கூட்டியே குடியிருப்பது பெரிய காவல். அழுகல் வந்த பிறகு போட்டுப் பயன் குறைவு.

வாடாமல்லியை செப்டம்பரிலேயே விதைத்தேன். விதையைச் சுற்றிப் பஞ்சு மாதிரி உறை இருக்கும். ஒரு இரவு ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினால் சீராக முளைக்கும். குட்டைக் கேந்தியும் பெரிய கேந்தியும் ஐப்பசி பிறந்ததும், அக்டோபர் 18, 19-இல். குட்டைக் கேந்தி விதைத்த 50, 60 நாளில் பூக்கும். பெரியது மேலும் மூன்று நாலு வாரம் எடுத்துக்கொள்ளும். நாலு இலை வந்ததும் ஒவ்வொன்றையும் நாலு அங்குலப் பாலிதீன் பைக்கு மாற்றினோம். சின்னத் தட்டிலேயே மழை முடியும்வரை வைத்திருந்தால் வேர் சுற்றிக்கொண்டு செடி குன்றிவிடும். பைக்கு மாற்றினால் ஒரு மாதம் தாமதமானாலும் தாங்கும்.

கோழிக்கொண்டையில் நான் இதைச் சரியாகச் செய்யவில்லை. அதையும் தட்டில் தாமதிக்க விட்டேன். அது வேர் நெருக்கத்தைத் துளியும் பொறுக்காது. மூன்று அங்குலச் செடியிலேயே, விரல்நகம் அளவுக்கு ஒரு கொண்டை வைத்து நின்றுவிட்டது. பாத்தியில் நட்டும் வளரவில்லை. மார்கழி நாலாம் தேதி, பாத்தியின் இடைவெளியில் நேரடியாக ஒரு சிட்டிகை விதை தூவி, வந்ததைக் கலைத்துவிட்டதில்தான் மாசிக் கடைசியில் உள்ளங்கை அளவுக் கொண்டைகள் வந்தன. வரப்பில் தானாக முளைத்துப் பூக்கும் பண்ணைக்கீரையின் சொந்தக்காரச் செடிதானே இது. இருக்கும் இடத்தில் முளைப்பதுதான் அதற்குப் பிடிக்கும்.

அந்த வருஷம் வேறொரு சங்கடம். மேட்டூரில் தண்ணீர் குறைந்து அக்டோபர் 10 அன்றே அணையை மூடிவிட்டார்கள். வாய்க்கால் காய்ந்தது, சம்பா போட்டவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பக்கத்து வயல் வெடித்துக் கிடக்கும்போது வாசல் பூவுக்குப் பம்பு போட டீச்சருக்கு மனமில்லை. எனக்கும் இல்லை. பைகளில் இருந்த நாற்றுக்குப் பாத்திரம் கழுவிய முதல் தண்ணீரை விட்டுவிட்டு, அரிசி களைந்த தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீரும் ஊற்றி ஓட்டினோம். மேட்டுப்பாத்தி சீக்கிரம் காயும் என்பது உண்மை. வைக்கோலை இரண்டு அங்குலம் பரப்பியதில் செவ்வந்திக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் போதுமானது.

தெருவிளக்கு

நவம்பர் மூன்றாம் வாரம். செவ்வந்தி வரிசையில் மேற்குப் பக்கம் மொட்டு மிளகு அளவுக்கு வந்துவிட்டது. தெருப்பக்கம் எட்டடி தூரத்துக்கு ஒரு மொட்டுகூட இல்லை. செடி நன்றாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் மற்றவற்றைவிட அரையடி உயரம், கரும்பச்சை இலை. எரு அந்தப் பக்கம் கூடிப்போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். கன்று வேறு தூரிலிருந்து வந்ததா என்று பார்த்தேன். இல்லை.

ஒருநாள் வேலை முடிய இரவு ஒன்பது மணி ஆகிவிட்டது. கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். கம்பத்து எல்.இ.டி. விளக்கின் வெள்ளை வெளிச்சம் பாத்தியின் மேல் விழுந்து, எட்டடியில் வேப்பங்கிளையின் நிழலில் கத்தரித்த மாதிரி நின்றது. வெளிச்சம் நின்ற இடமும் மொட்டு தொடங்கிய இடமும் ஒன்று. குனிந்து போன் வெளிச்சத்தில் செடி செடியாகப் பார்த்தேன். நிழல் விளிம்பில் இருந்த ஒரே செடியில், வீட்டுப் பக்கத்துக் கிளையில் மொட்டு இருந்தது, தெருப்பக்கத்துக் கிளையில் இல்லை.

செவ்வந்தி இரவின் நீளத்தைக் கணக்கு வைத்துப் பூக்கிற செடி. போதுமான அளவு நீண்ட, இடையறாத இருட்டு பல நாள் தொடர்ந்து கிடைத்தால்தான் அது இலை விடுவதை நிறுத்தி மொட்டு வைக்கும். நடு இரவில் கொஞ்ச நேர வெளிச்சம் பட்டால்கூட அதன் கணக்கு கலைந்துவிடும். பசுமைக்குடிலில் செவ்வந்தி வளர்ப்பவர்கள் பூவைத் தள்ளிப்போட இரவில் விளக்கு எரிப்பதும், முன்னால் கொண்டுவரக் கறுப்புத் துணி மூடுவதும் இதை வைத்துத்தான். புத்தகத்தில் படித்திருந்த எனக்கு, சொந்த வேலையில் கண்முன் நிற்கும்வரை தோன்றவில்லை.

தெருவுக்கு விளக்கு வேண்டும். பெண்கள் டியூஷனிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் வழி அது. அதனால் விளக்கைத் தொடாமல், பாத்தியின் தெரு ஓரத்தில் இரண்டு மூங்கில் நட்டு, மாலையில் பழைய தார்ப்பாயைத் திரை மாதிரி இறக்கிக் காலையில் சுருட்டினோம். நவம்பர் 24-இல் தொடங்கினோம். டீச்சரே ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து திரையை இறக்குவார். டிசம்பர் மூன்றாம் வாரம் மொட்டு தெரிந்தது. தைக் கடைசியில் பூத்தது. மேற்குப் பக்கம் மார்கழியிலேயே மஞ்சளாகிவிட்டதால், தவறுதலாகவே அந்த வரிசைக்கு இரண்டு தவணைப் பூ கிடைத்தது. அதே விளக்கடியில் ஓரத்தில் நட்ட குட்டைக் கேந்தி எதையும் பொருட்படுத்தாமல் பூத்துக்கொண்டிருந்தது.

ஜனவரி மழை

மார்கழி இரண்டாம் தேதி, டிசம்பர் 18, மழை விட்ட இடைவெளியில் பைகளைப் பிரித்துத் தெற்குப் பாத்தியில் நட்டோம். குட்டைக் கேந்தி அப்போதே மொட்டோடும் பூவோடும் இருந்தது. மறுநாள் காலைக் கோலத்துக்கு இரண்டு பக்கமும் நிறம். டீச்சர் அன்று போட்ட கோலம் வழக்கத்தைவிடப் பெரியது.

2024 ஜனவரி 7, 8 தேதிகளில் திருவாரூர், நாகை பக்கமெல்லாம் பலத்த மழை. இரவு முழுக்கக் கொட்டியது. விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். நடைபாதையில் கணுக்கால் அளவு தண்ணீர். பாத்திகள் இரண்டும் அதற்கு மேலே, தீவு மாதிரி. வடிகாலில் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் விரலை விட்டேன்: ஈரம், ஆனால் உதிர்ந்தது. 80 கேந்தியில் போனது ஆறு, எல்லாம் கூரைத் தண்ணீர் விழுந்து பள்ளம் பறித்த மேற்கு முனையில். கூழாங்கல் இன்னும் ஓரடி உள்ளே வந்திருக்க வேண்டும்.

பெரிய கேந்தி சாய்ந்துவிட்டது. அதன் பூ பஞ்சு மாதிரித் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். தலையைப் பிடித்து மெல்ல உதறி, மூங்கில் குச்சி நட்டு வாழைநாரால் தளரக் கட்டினோம். உள்ளே பழுப்பு கண்ட பூவையெல்லாம் அன்றே வெட்டி எறிந்தோம். விட்டால் காம்பு வரைக்கும் அழுகல் இறங்கும். திண்ணை ஓரத் தொட்டியில் இருந்த பெட்டூனியா நனைந்த காகிதமாகிவிட்டது. அதைக் கிள்ளிவிட்டதில் இரண்டு வாரத்தில் திரும்ப வந்தது. பெட்டூனியா நம் ஊரில் தொட்டிக்கும் திண்ணைக்கும் மட்டும்தான் என்று அன்று முடிவு செய்தேன்.

மழைக்குப் பின் நத்தை. இரவு டார்ச் அடித்து மூன்று நாள் பொறுக்கி எடுத்தோம்.

பொங்கலன்று பிள்ளைகள் வந்தார்கள். சின்னவள் வாடாமல்லியைத் தொட்டுப் பார்த்து, இது காகிதப் பூவா என்று பாட்டியிடம் கேட்டாள்.

மாசி, பங்குனி

இரண்டாம் தவணைக் கேந்தியை நவம்பர் 28-இல் விதைத்திருந்தேன். பொங்கல் முடிந்ததும் முதல் தவணையில் தளர்ந்தவற்றைப் பிடுங்கி அந்த இடத்தில் இவற்றை வைத்தோம். மாசி முழுக்க நிறம் குறையவில்லை. முதல் தவணையை மட்டும் நம்பியிருந்தால் தையோடு முடிந்திருக்கும்.

மாசிப் பனியில் ஜீனியா இலைமேல் சாம்பல் மாதிரிப் பூஞ்சணம் படிந்தது. அதற்குத் தண்ணீரை இலையில் படாமல் அடியில், அதுவும் காலையில் மட்டும் விட வேண்டும். நெருக்கமாக நட்டதைக் கலைத்து ஒன்றரை அடி இடம் விட்டதும் பரவல் நின்றது. பங்குனி வெயில் ஏறியதும் கேந்தியின் இலையடியில் செஞ்சிலந்தி. இலை மங்கி, நுனியில் மெல்லிய வலை. முதல் நாலைந்து நாள் தண்ணீரைப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கம் கழுவிப் பார்த்தோம். அப்புறம், இதன் காலம் முடிந்தது என்று பிடுங்கிவிட்டேன். முடிகிற செடியை மருந்தடித்து இழுத்துப் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்த இடத்துக்கு நித்தியகல்யாணியும் பத்துமணிப் பூவும் வந்தன. இவை இரண்டும் வெயிலில்தான் சிரிக்கும். மார்கழியில் நட்டால் நித்தியகல்யாணி ஈரத்தில் அழுகும். பங்குனியில் நட்டால் ஆடி வரைக்கும் பூத்துக்கொண்டே இருக்கும். வாடாமல்லி அதே இடத்தில், அதே நிறத்தில் நின்றுகொண்டிருந்தது. இளவேனில் என்றால் எங்கள் பக்கம் கண் மேலேதான் போகும்: புங்கம்பூ உதிர்ந்து தெரு வெள்ளையாகும், சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும், வேப்பம்பூ வாசம் வரும். அந்த நாட்களில் தரையில் இருக்கும் பாத்தி அடக்கமாக இருந்தாலே போதும் என்பது என் எண்ணம்.

சித்திரை முதல் வாரம் கணக்குப் பார்க்கப் போயிருந்தேன். டீச்சர் திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு காய்ந்த கேந்தித் தலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தார். கறுப்பும் வெள்ளையுமாக விதை ஊசி ஊசியாகக் கொட்டியது. வாடாமல்லித் தலைகள் தனியே ஒரு மஞ்சள்பையில். காகித உறையின் மேல், பழைய ஆசிரியைக் கையெழுத்தில், "கேந்தி, ஐப்பசி 1, கூரைக்குக் கீழே" என்று எழுதியிருந்தார். இன்னொரு உறையில் கோழிக்கொண்டை: "மார்கழி, பாத்தியிலேயே."

"தெருப்பக்கம் எட்டடிக்குச் செவ்வந்தி வேணாம் தம்பி" என்றார். "அங்க குட்டைக் கேந்தியப் போட்டுடுவோம். தார்ப்பாய இறக்கி இறக்கி எனக்குத் தோள்பட்டை வலிக்குது."

வடக்குப் பாத்தியின் வீட்டுப் பக்கம், கூழாங்கல்லை ஓரடி உள்ளே தள்ளிவிட்டு, ஆடிக்குச் செவ்வந்தித் தூர் பிரிக்க ஆறு செடிகளை மட்டும் நிழலில் எடுத்து வைத்துவிட்டு வந்தேன்.